சைலன்ஸரை விடுங்க... டயரைப் பாருங்க! குட்டி ஸ்போர்ட்ஸ் பைக்கை ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் தயார் செய்வது எப்படி?

புது பைக் வீட்டு வாசலுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள், ''சைலன்ஸர் மாத்தணும்ப்பா, பணம் வேணும்'' என்று பையன் வந்து நிற்பான். ''நல்லாத்தானே ஓடுது, எதுக்குடா?'' என்பார் அப்பா. ஸ்போர்ட்ஸ் பைக் இருக்கும் பல வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து உண்டு. செலவு செய்யலாமா, கூடாதா என்றுதான் இருவரும் மல்லுக்கட்டுகிறார்களே தவிர, எதற்குச் செலவு செய்வது என்று யாரும் பேசுவதே இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

யமஹா ஆர்15-ஐ எடுத்துக்கொள்வோம். 2008-ல் இந்தியாவுக்கு வந்தபோது இதன் பின் டயர் அகலம் வெறும் 100 மி.மீ. பார்க்க ஒல்லிப்பிச்சானாக இருந்தாலும், வளைவுகளில் அது திரும்பிய அழகுக்கே ரசிகர்கள் சேர்ந்தார்கள். 2011-ல் வந்த இரண்டாவது வெர்ஷனில் அது 130 ஆனது. 2021-ல் வந்த நான்காவது வெர்ஷனில் 140/70 ரேடியல் டயர், 155 சிசி இன்ஜின், 18.4 பிஎஸ் பவர், 142 கிலோ எடை. இந்த எடையும் பவரும் சேர்ந்துதான், அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பதையே முடிவு செய்கின்றன.

பவர் குறைவு... அதுதான் ப்ளஸ்!

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ட்ராக், சுமார் 3.7 கி.மீ நீளம், 12 வளைவுகள் கொண்டது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த தாத்தாக்களுக்கு அடுத்த தலைமுறையின் மைதானம் இது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே இன்னும் சின்னது, சுமார் 2.1 கி.மீ.

இங்கெல்லாம் 18 பிஎஸ் பைக்கை வைத்துக்கொண்டு நேர்ப்பாதையில் யாரையும் பெரிதாக முந்திவிட முடியாது. நேரம் மிச்சமாவது எங்கே? எவ்வளவு தாமதமாக பிரேக் பிடிக்கிறீர்கள், வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைத் தக்கவைக்கிறீர்கள் என்பதில்தான். சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, இசியூவையும் ட்யூன் செய்தால், இந்த அளவு இன்ஜினில் கிடைப்பது ஒன்றிரண்டு குதிரைத்திறன். அதே பணத்தில் நல்ல டயர் போட்டால், ஒவ்வொரு வளைவிலும் வித்தியாசம் தெரியும். சத்தம் கூடியதையே வேகம் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது. ஸ்டாப் வாட்ச் நம்பாது.

முதல் பில், பைக்குக்கு அல்ல

ட்ராக்கில் இறங்க முழு லெதர் சூட், க்ளவுஸ், கணுக்காலை மூடும் பூட்ஸ், முதுகெலும்பைக் காக்கும் பேக் புரொடெக்டர், முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் எல்லாம் வேண்டும். மொத்தமாக வாங்கினால் பர்ஸ் பழுத்துவிடும். பயிற்சி வகுப்புகள் சிலவற்றில் சூட் வாடகைக்குக் கிடைக்கும். முதல் முறைக்கு அது போதும். ஹெல்மெட்டில் மட்டும் வாடகை, இரவல் பேச்சே கூடாது. 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தவறு என்றாலும், ரோட்டோரத்தில் இன்னும் கிடைக்கத்தான் செய்கிறது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ட்ராக்குக்குப் போகக் கூடாது.

அடுத்த செலவு, பயிற்சி. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் போன்ற சர்வதேசப் பள்ளிகளே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து பாடம் நடத்தியிருக்கின்றன. வளைவில் கண் எங்கே பார்க்க வேண்டும், த்ராட்டிலை எப்போது திறக்க வேண்டும் என்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்பவர், பைக்கில் ஒரு நட்டைக்கூட மாற்றாமல் வேகமாகிவிடுவார். கற்றது ரோட்டிலும் கூடவே வரும்.

டயர்: சறுக்குவது இங்கேதான்

ரோட்டுக்கு ஒரு டயர், ட்ராக்குக்கு ஒரு டயர் என்று வைத்துக்கொள்ளப் பலருக்கு வசதி இருக்காது. அதனால், 'ட்ராக் டயரையே போட்டுவிட்டால் என்ன?' என்று தோன்றும். ரேஸுக்கான மென்மையான கலவை, நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு ட்யூஷனுக்குப் போகும்போதோ, ஐப்பசி மழையில் ஆபீஸ் போகும்போதோ அந்தச் சூடு அதற்குக் கிடைக்காது. போதாக்குறைக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்தும் போகும். இரண்டுக்கும் ஒரே பைக் என்றால், ஸ்போர்ட்ஸ் ரகச் சாலை டயர்தான் சரி.

அளவைப் பெரிதாக்குவது இன்னொரு ஆசை. 140 டயருக்கான ரிம்மில் 150, 160 என்று திணித்தால் டயரின் வளைவு வடிவம் கெட்டுவிடும். பின்னாலிருந்து பார்க்க கெத்தாக இருக்கும். திருப்பும்போது பைக் சோம்பேறியாகிவிடும்.

காற்றழுத்தம் பைசா செலவில்லாத விஷயம். ட்ராக்கில் டயர் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறும். அதனால் ரோட்டுக்கான அளவைவிடக் கொஞ்சம் குறைத்துத் தொடங்கி, ஒவ்வொரு செஷன் முடிந்ததும் சூட்டோடு சூடாக அளந்து சரிசெய்வார்கள். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர்களில் இரண்டு ஒரே மாதிரி காட்டினால் அதிசயம்!

பிரேக்கும் சஸ்பென்ஷனும்

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ட்ராக்கில் சுற்றுக்குச் சுற்று அழுத்திப் பிடிக்கும்போது, பழைய ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் கைப்பிடி வரை போகும், பைக் நிற்காது. மற்ற அப்கிரேடுகளோடு ஒப்பிட்டால், ஆயில் மாற்றும் செலவு மிகச் சொற்பம். அதற்கு மேல் பணம் இருந்தால், ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ், கொஞ்சம் நல்ல பேட். ரேஸ் பேட் வேண்டாம். அதுவும் சூடானால்தான் கடிக்கும். தெருமுனையில் நாய் குறுக்கே வரும்போது, 'இன்னும் சூடாகவில்லை' என்று சொல்ல நேரமிருக்காது.

சஸ்பென்ஷனில், வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஃபோர்க் குழாயில் ஒரு ப்ளாஸ்டிக் டேக் கட்டி, நண்பர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் ரைடிங் கியரோடு ஏறி உட்கார வேண்டும். மொத்த அசைவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் ஓகே. அதற்கு மேல் அமுங்கினால் ஸ்ப்ரிங் உங்கள் எடைக்கு மென்மை. 55 கிலோ பையனும் 90 கிலோ அண்ணனும் ஒரே செட்டிங்கில் ஓட்டினால் ஒருவருக்காவது தப்பாகத்தான் இருக்கும். ஆனால், ட்ராக்குக்காக அதிகம் இறுக்கினால், குடிநீர் வாரியம் தோண்டி மூடிய தெருவில் சக்கரம் தரையில் நிற்காமல் குதிக்கும்.

ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு, 2021-ல் இந்த வேலையை கம்பெனியே செய்து கொடுக்க ஆரம்பித்தது. அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன் கொண்ட டைனமிக் கிட்டுக்கு அறிமுகத்தின்போது 12,000 ரூபாய். தாழ்ந்த ஹேண்டில்பார், உயர்ந்த ஃபுட்ரெஸ்ட் கொண்ட ரேஸ் கிட்டுக்கு 5,000 ரூபாய். சட்டச் சிக்கல் இல்லாத அப்கிரேடு என்றால் இப்படித்தான்.

வேகமாகக் கிளம்ப வேண்டும் என்பவர்களுக்கு ஸ்ப்ராக்கெட் ஒன்றே போதும். முன்னால் 14 பல் இருக்கும் இடத்தில் 13 போட்டால், கியர் விகிதம் சுமார் 7 சதவிகிதம் மாறும். கிளம்பும் இழுவை கூடும். பதிலுக்கு, ஹைவேயில் இன்ஜின் அதிகம் கத்தும். பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

போலீஸ் மட்டும் அல்ல... இன்ஷூரன்ஸும்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். காது கிழிக்கும் சைலன்ஸருக்குத் தனிக் கணக்கு. ஒலி, காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும்.

இதையெல்லாம்விட வீட்டைப் பாதிக்கக்கூடியது, பாலிசியில் இருக்கும் ஒரு வரி. வழக்கமான டூவீலர் பாலிசிகள், போட்டி மற்றும் வேகச் சோதனைக்காக வண்டியைப் பயன்படுத்துவதை விலக்கியே வைத்திருக்கின்றன. ட்ராக்கில் விழுந்தால் ஃபேரிங், ஃபோர்க், ஹேண்டில்பார் என எல்லாம் கைக்காசு. ரோட்டில் விபத்து என்றாலும், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வழி இருக்கிறது. முதல் ட்ராக் நாளுக்கு முன் பாலிசியை ஒரு முறை படித்துவிடுங்கள். ஃப்ரேம் ஸ்லைடர் மாட்டுவதும், ஒரு லீவர் செட்டை ஸ்பேராக எடுத்துப்போவதும் கைக்காசைக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும்.

ட்ராக்குக்குப் போகும் காலை, திரும்பும் மாலை

கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர் மீது டேப் ஒட்ட வேண்டும். உடைந்தால் சில்லு ட்ராக்கில் சிதறக் கூடாது. பல இடங்களில் ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். கிளைகால் கலந்த கூலன்ட் ட்ராக்கில் சிந்தினால் பின்னால் வருபவர் எண்ணெயில் கால் வைத்தது போல வழுக்குவார். ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்குக் கம்பி போட்டுக் கட்டுவதும் இதே காரணத்துக்குத்தான். செயின் தளர்வு, பிரேக் பேட் கனம், வீல் நட் ஆகியவற்றை முந்தின இரவே பார்த்துவிடுவது நல்லது.

மாலையில் அதே பைக்கில் வீடு திரும்புபவர்கள், கேட்டைத் தாண்டும் முன் கண்ணாடிகளை மாட்டி, டேப்பை உரித்து, டயர் ஆறியதும் காற்றை ரோட்டு அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். கூலன்ட்டை மறுநாளே மாற்றிவிடலாம். பிரேக் பேடையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். காலையில் இருந்த கனம் மாலையில் இருக்காது.