உங்களுக்குத் தெரியுமா? – கைக்காசுக்குள் ஒரு டர்போ

★ டர்போ கார் என்றால் ஜப்பானிலிருந்து கப்பலேறி வர வேண்டும் என்பதில்லை. நம் பேராக்கின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில் இருக்கும் புரோட்டோன் தொழிற்சாலையில்தான் எக்ஸ்50 உருவாகிறது. 2020 அக்டோபரில் அறிமுகமானபோது அந்தக் காரில் இருந்தது மூன்றே சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். அதன் உயர்ரக வகை தந்தது 177 குதிரைத்திறன்.

★ டர்போவுக்கு வயது 120-ஐ ஒட்டிவிட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூகி 1905-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூட்டலாம், திறன் கூடும். தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறைக்கு மேல் சுற்றும். பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

★ சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது சாதாரண கார் ஏன் மூச்சு வாங்குகிறது? ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எஞ்சினின் திறனும் அதே அளவுக்குக் குறையும். டர்போ இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். இதை 1918-லேயே மெய்ப்பித்தவர் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ். தரையில் 350 குதிரைத்திறன் தந்த லிபர்ட்டி விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் பீக் உச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே அது 230-தான் தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356!

★ சாலை வரிக் கணக்கு சிறிய டர்போ எஞ்சினுக்குச் சாதகமானது. தீபகற்ப மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டு பெட்ரோல் செடான், ஹேட்ச்பேக் கார்களுக்கு வரி விதிப்பது சிசியைப் பார்த்துத்தான். குதிரைத்திறனைக் கேட்பதில்லை. 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,401 முதல் 1,600 வரை 90 வெள்ளி. 1,801 முதல் 2,000 வரை 280 வெள்ளியில் தொடங்கி, 1,800-க்கு மேல் கூடும் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்.

★ 1994-ல் வந்த கஞ்சில், டைஹாட்சு மிராவின் உடன்பிறப்பு. மிராவின் அடுத்த தலைமுறைக்கு ஜப்பானில் 659 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை கேம் டர்போ எஞ்சினும் இருந்தது. ஜேபி-ஜேஎல் என்று பெயர். 64 குதிரைத்திறன், நம் 660 கஞ்சிலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஜப்பானின் இத்தகைய குட்டிக் கார்கள் 64-ஐத் தாண்டாததற்குக் காரணம், ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு.

★ ஹாஃப்-கட். ஈப்போவில் கார் பிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லாத சொல். ஜப்பானில் கழித்துவிட்ட காரின் முன்பாதியை அறுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், ஈசியூ எல்லாம் சேர்த்து அனுப்புவார்கள். 1993-ல் வந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. அதனால்தான் லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ எஞ்சின் வீராவுக்குள் அவ்வளவு இயல்பாக உட்காருகிறது. 195 குதிரைத்திறன். ஆனால் 1,834 சிசி; 1.5 வீராவுக்கு 90 வெள்ளியாக இருந்த சாலை வரி, எஞ்சினைப் பதிவு செய்ததும் 297 வெள்ளியாகும்.

என்னைக் கேட்டால், சாதாரண எஞ்சினில் பழைய டர்போ ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டுவதைவிட முழு ஹாஃப்-கட் வாங்குவதே சிக்கனம். டர்போவுக்கென்றே வடிவமைத்த எஞ்சினில், பிஸ்டன் கலவையை நெருக்கும் அழுத்த விகிதம் குறைவாக இருக்கும். புரோட்டோன் தன் கேம்ப்ரோ எஞ்சினுக்கு டர்போ வைத்து 2011-ல் எக்ஸோரா போல்டில் தந்தபோது, விகிதத்தை 10-லிருந்து 8.9 ஆகக் குறைத்தது. கொள்ளளவையும் 1,597-லிருந்து 1,561 சிசி ஆக்கியது. உற்பத்தியாளரே எஞ்சினின் உள்ளே கைவைத்த பிறகுதான் டர்போவைப் பூட்டினார். நாம் அந்த வேலையை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாட்டினால் பிஸ்டன் உடையக்கூடும்.

★ பழைய டர்போ வாங்கப் போகிறீர்களா? விரலால் தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருப்பது இயல்பு; எண்ணெய் நிரம்பினால் அது சரியாகிவிடும். முன்னும் பின்னுமாக அசைந்தால் வாங்காதீர்கள். இறக்கைகளின் நுனியில் உரசிய தடம் இருக்கிறதா, புகை போகும் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

★ நம் மண்ணில் விளைந்த ரப்பர் டர்போவுக்கு ஒத்துவராது. கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகள் ஒன்பது. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. பேராக் தோட்டங்களில் நம் முன்னோர் விடியும் முன் எழுந்து பால் வெட்டிய வரலாற்றுக்கு அந்த மரம் சாட்சி. விமான டயருக்கும் பெரிய லோரி டயருக்கும் இயற்கை ரப்பரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எண்ணெய் பட்டால் அது ஊறி உப்பிவிடும். சூட்டில் இறுகி விரிசல் விடும். அதனால் டர்போ குழாய்க்கு சிலிகோன்தான். அதிலும் எண்ணெய்ப் பசை படும் இடத்துக்கு, உட்புறம் ஃபுளோரோசிலிகோன் பூசியதாகக் கேட்டு வாங்குங்கள்.

★ தோட்டத்துச் செம்மண் தூசி டர்போவுக்கு எமன். சுங்கை சிப்புட், செமோர் பக்கம் ரப்பர் போய் செம்பனை வந்த இடங்களில் இன்னும் மண் பாதைகள் உண்டு. அவ்வளவு வேகத்தில் சுழலும் சக்கரத்தில் மணல் துகள் பட்டால் இறக்கை தேய்ந்துபோகும். பார்வைக்கு அழகான திறந்த ஃபில்டரைவிட, மூடிய பெட்டிக்குள் இருக்கும் சாதாரண காகித ஃபில்டரே நல்லது. விலையும் குறைவு.

★ ஈப்போ வெயிலில் 33 டிகிரி காற்றை வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் 0.7 பார் (இந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்) அளவுக்கு அழுத்தினால் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். கூடவே நாக்கிங்கும் வரும். அதாவது, தீப்பொறி பற்றவைத்த தீ பரவி முடியும் முன்பே மீதிப் பெட்ரோல் கலவை தானாக வெடித்து பிஸ்டனைத் தட்டும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் 10 டிகிரி குறைத்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு கூடும். பூஸ்ட்டை ஏற்றும் காசில் நல்ல இன்டர்கூலர் வாங்குவதே கெட்டிக்காரத்தனம். மானிய விலையில் கிடைக்கும் ரோன்95-ஐ, பூஸ்ட் ஏற்றிய எஞ்சினுக்கு ஊற்றாதீர்கள். ரோன்97-க்கு மாதாமாதம் காசு ஒதுக்க முடியாவிட்டால் பூஸ்ட்டைத் தொழிற்சாலை அளவிலேயே விட்டுவிடலாம்.

★ 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி வைத்தார்கள். வாங்கியவர்கள் பலர் அதை நிரப்பவே இல்லை. கடைசியில் பல கார்களிலிருந்து டர்போவையே கழற்ற வேண்டியதாயிற்று.

★ ஆன்லைனில் மலிவாக விற்கும் ‘மின்சார டர்போ’ விசிறியை வாங்கி ஏமாறாதீர்கள். 1.3 லிட்டர் எஞ்சினுக்கு அரை பார் அழுத்தம் தரவே சில கிலோவாட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட்டில் அது 300 ஆம்பியருக்கு மேல். சிகரெட் லைட்டர் ஒயரில் அவ்வளவு ஓடினால் ஒயரே உருகிவிடும்.

★ ‘ப்ஸ்ஸ்’ என்று கத்தும் புளோ-ஆஃப் வால்வு திறனைக் கூட்டுவதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் தேங்கும் அழுத்தத்தை வெளியேற்றுவது மட்டுமே அதன் வேலை.

★ பூஸ்ட் குறைந்தால் உடனே புது டர்போ தேடாதீர்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு குழாயில் கசிவு இருக்கும். ஹார்ட்வேர் கடையில் ஒரு பிவிசி மூடி வாங்கி, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, டர்போவின் வாயில் இறுக்குங்கள். காற்றுப் பம்பால் ஒரு பாருக்கு மிகாமல் மெதுவாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. சில வெள்ளிச் செலவில், பல நூறு வெள்ளியை இப்படி மிச்சப்படுத்தியவர்கள் உண்டு.

★ மெனோரா ஏற்றத்தில் எஞ்சினை விரட்டிவிட்டு ஓய்விடத்தில் சட்டென்று அணைக்கக் கூடாது. எண்ணெய் ஓட்டம் நின்றதும், சிவக்கக் காய்ந்த டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் கரியாகிவிடும். கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்திய பின் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

★ 2002-ல் மலேசியரான கரம்ஜிட் சிங், இணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றார். அந்தப் பிரிவின் விதிப்படி டர்போவின் வாயில் 32 மில்லிமீட்டர் வளையம் பூட்டி, காற்றை மட்டுப்படுத்தியிருந்தார்கள். ஆசிய பசிபிக் பட்டத்தையும் அவர் 2001, 2002, 2004 என மூன்று முறை பெற்றார்.

★ கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், மாருதி 800-ன் எஞ்சினை வைத்தே குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். அவர் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் திடல் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

★ வேகம் 100-லிருந்து 140 ஆனால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரு மடங்காகிறது. எஞ்சினைத் தொடும் முன் டயர், பிரேக் இரண்டையும் முடித்துவிடுங்கள்.

★ எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனையில் தேறி, கெரான் எனும் பதிவுச் சான்றில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால், விபத்து நடந்த அன்று இழப்பீடு மறுக்கப்படலாம். எதிர்த் தரப்பில் ஒரு குடும்பம் பாதிக்கப்பட்டிருந்தால் அந்தச் சுமை உங்கள் வீட்டையும் அழுத்தும்.

★ முழு வேகத்தைப் பார்க்கும் ஆசை இருக்கும் தம்பிகளே, நள்ளிரவில் ஈப்போ நெடுஞ்சாலையில் வேண்டாம். செப்பாங் பந்தயத் திடலில் பொதுமக்கள் சொந்தக் காரை ஓட்ட நாள் ஒதுக்குகிறார்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து போங்கள். போவதற்கு முன் பிரேக் பேடையும் பிரேக் எண்ணெயையும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.