பருத்திக்குப் பங்காளி

துணி சுருங்கும் என்று திருப்பூரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனிகளில் துணியில் ஒரு சதுரம் குறித்து, துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பார்ப்பார்கள். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலான ஆர்டர்களில் பேச்சு வேறு மாதிரி போகும். சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருக்கி அனுப்பத்தான் காம்பாக்டிங் மெஷினே ஓடுகிறது. அதே ஊர்க்காரர் புது வீட்டு ஹாலுக்கு டிவி யூனிட் செய்ய ஆசாரியைக் கூப்பிடும்போது மட்டும், மரம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும் என்று நம்பிவிடுகிறார்.

மரமும் சுருங்கும். காரணமும் அதேதான். பருத்தி இழையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். மரத்தில் ஏறக்குறைய பாதி அது. குளுக்கோஸ் அணுக்கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சரங்கள், இழையின் நீளவாக்கிலேயே கற்றை கற்றையாகப் படுத்திருக்கின்றன. ஈரம் வந்தால் தண்ணீர் இந்தக் கற்றைகளுக்கு நடுவே புகுந்து பக்கவாட்டில் தள்ளுகிறது. இழை பருக்கும், ஆனால் நீளம் அநேகமாக மாறாது.

அப்படியானால் பனியன் ஏன் நீளத்தில் குட்டையாகிறது? நனைந்து பருத்த நூலைச் சுற்றி வளைய அடுத்த நூலுக்குக் கூடுதல் நீளம் தேவை. அதைத் துணி தன் அளவிலிருந்துதான் கொடுக்க முடியும். மெஷினில் இழுபட்டு நீண்டு நின்ற கண்ணிகளும் தண்ணீர் பட்டதும் தளர்ந்து, உருண்டு, பழைய வடிவத்துக்குப் போய்விடுகின்றன. இழை குறையவில்லை, துணி குறைந்துவிட்டது.

மரத்தில் இந்தச் சுற்றுவழி கிடையாது. பச்சை மரம் முற்றக் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் பொதுவாக 6 முதல் 10 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி. நீளவாக்கில் 0.1 முதல் 0.3 சதவீதம்தான். ஒரே பலகை மூன்று திசைக்கு மூன்று கணக்கு வைத்திருக்கிறது. ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும் கதவு சித்திரையில் இடைவெளி விட்டு நிற்பது இதனால்தான். தேக்கு இந்த விஷயத்தில் சாது. சுருக்கம் குறைவு, கரையானும் எளிதில் அண்டாது. நமக்குத் தெற்கே ஆனைமலையில் வெட்டிய தேக்கை வெள்ளைக்காரர்கள் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குக் கொண்டுபோனார்கள். டாப்ஸ்லிப்பின் பெயரே கட்டைகளை மலையிலிருந்து சறுக்கிவிட்ட வேலையால் வந்தது. இன்று தேக்கு விலைக்கு முழு யூனிட் செய்ய நினைப்பவர் குறைவு. பிளைவுட்தான்.

பிளைவுட்டுக்குள் இருக்கும் யோசனை திருப்பூர்க்காரருக்குச் சட்டென்று பிடிபட வேண்டும், ஏனென்றால் அது பாவும் ஊடையும்தான். கட்டையைச் சுழலவிட்டுக் கத்தியால் உரித்தால் மெல்லிய தகடு நீளமாக வந்துகொண்டே இருக்கும். அந்தத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுகிறார்கள். ஒரு தகடு அகலவாக்கில் சுருங்கப் பார்க்கும்போது, அதே திசையில் நீளம் மாறாத இழைகளோடு படுத்திருக்கும் அடுத்த தகடு பிடித்துக்கொள்கிறது. எண்ணிக்கை பொதுவாக 9, 11, 13 என்று ஒற்றைப்படைதான். நடுத்தகட்டுக்கு இருபுறமும் சமமான இழுவை இருந்தால்தான் பலகை எந்தப் பக்கமும் வளையாது. உரிக்க ஏற்ற மரங்களில் மலைவேம்பும் ஒன்று. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி ஊக்குவித்ததில் கொங்கு விவசாயிகள் பலர் அதைத் தோப்பாகவே வைத்திருக்கிறார்கள்.

இதே சமநிலைக் கணக்கைத்தான் மைக்கா ஒட்டும்போது பலர் கெடுக்கிறார்கள். கதவின் வெளிப்பக்கம் பளபளவென்று 1 மில்லிமீட்டர் ஷீட், உள்பக்கம் ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று வெறும் பெயின்ட். மைக்கா ஷீட் என்பது பிசினில் ஊறிய பழுப்புக் காகிதங்களை அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்கியது. காகிதமும் செல்லுலோஸ்தானே! ஒருபுறம் ஈரம் புகாமல் அடைத்து, மறுபுறம் திறந்து விட்டால், மழைக்காலம் முடிவதற்குள் கதவு வில்லாக வளைந்துவிடும். உள்பக்கத்துக்கும் 0.8 மில்லிமீட்டர் லைனர் ஒட்டச் சொல்லும் ஆசாரி பில்லை ஏற்றப் பார்க்கிறார் என்று சந்தேகப்படாதீர்கள்.

டிவிக்குத் தனியாக யூனிட் வேண்டும் என்பதே பிறகு வந்த வழக்கம். 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு வந்த சாலிடேர், டயனோரா செட்டுகள் பல, இழுத்து மூடும் ஷட்டரோடு மரப்பெட்டியாகவே வீட்டுக்கு வந்தன. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிக்கும் பின்பக்கம் நல்ல தொந்தி. எலக்ட்ரான் கற்றை பின்னாலிருந்து கிளம்பித் திரையின் நான்கு மூலைக்கும் விரிந்து போய்ச்சேர இடம் வேண்டுமே. திரவப் படிகத் திரைக்கு அந்தத் தூரம் தேவைப்படவில்லை. தொந்தி போயிற்று, அலமாரியின் ஆழமும் போயிற்று. டிவி சுவருக்கு ஏறியது. ஸ்க்ரூ மட்டும் அலங்காரப் பலகையோடு நிற்காமல் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும்.

கீழே நீளமாக ஒரே ஷெல்ப் வேண்டும் என்பது இப்போதைய மோகம். இங்கே கணக்கு இரக்கமற்றது. ஓர் அடிக்கு இவ்வளவு எடை என்று சீராக ஏற்றினால், இரண்டடிப் பலகை தொய்வதைப் போல நான்கடிப் பலகை 16 மடங்கு தொய்யும். தடிமன் நம் பக்கம் இருக்கிறது: 12 மில்லிமீட்டருக்குப் பதில் 19 போட்டால் தொய்வு கிட்டத்தட்ட நாலில் ஒன்று. நடுவில் ஒரு தாங்கல் கொடுப்பது அதைவிட மலிவு.

இனி நம் ஊருக்கே உரிய தொல்லை, பஞ்சு. நிட்டிங் மெஷின் ஊசிகளில் நூல் உரசி உதிரும் குட்டை இழைகள் காற்றில் மிதந்து அக்கம்பக்க வீடுகளுக்கும் வரும். டிவி இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. செட்டாப் பாக்ஸ் அணைத்து வைத்தாலும் கதகதப்பாகவே கிடக்கும். சூடான காற்று மேலேறும்போது கீழிருந்து புதுக்காற்று உள்ளே வரும், பஞ்சும் அதோடு வந்து துவாரங்களில் படியும். ஆகவே டிவியைச் சுற்றி நான்கு அங்குலமாவது விட வேண்டும். பெட்டிகள் இருக்கும் அறைக்குக் கீழும் மேலும் திறப்பு வேண்டும். அந்த அறையின் கதவுக்குப் பலகைக்குப் பதில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய பனியன் துணி போடலாம் என்பது என் கட்சி. கண்ணிகளின் ஓட்டை வழியே காற்றும் ஒலியும் போகும், ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரும் ஓரளவு ஊடுருவும், பஞ்சில் பெரும்பகுதி துணியிலேயே நின்றுவிடும். கழற்றித் துவைக்கலாம். சுருங்குமா என்று பார்க்கத்தான் ஊரில் ஆள் இருக்கிறார்களே.

புது யூனிட் வந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடியை மரவாசனை என்று நினைக்க வேண்டாம். அது பார்மால்டிஹைடு. சாதாரண பிளைவுட்டின் யூரியா பிசின் மெதுவாக விடுவது. செல்லுலோஸ் சரங்களை ஒன்றோடொன்று பிணைத்துத் துணியைக் கசங்காமல் வைக்கும் பினிஷிங்கிலும் இதே வேதிப்பொருளின் உறவுகள் உண்டு. அதனால்தான் ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் தோலில் படும் துணியில் கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. கைக்குழந்தை உடுப்பில் சோதனையில் தென்படவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. ஏற்றுமதிக்குப் போகும் குட்டிச் சட்டைக்கு லேப் ரிப்போர்ட் கேட்கும் நாம், நம் பிள்ளை உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கும் இடத்துக்கு நாலடி தள்ளி நிற்கும் மரத்துக்கு எதுவும் கேட்பதில்லை. கேட்கலாம். ஃபீனால் பிசின் போட்ட ஐ.எஸ். 710 ரகப் பலகை மிகக் குறைவாகவே விடும். யூரியா ரகம் என்றால் இ1 அல்லது இ0 என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்க வேண்டும். வெட்டிய ஓரங்களை எல்லாம், சுவரை ஒட்டி மறைந்துபோகும் ஓரங்கள் உட்பட, எட்ஜ் பேண்ட் ஒட்டி அடைக்கச் சொல்ல வேண்டும். வெக்கையும் ஈரமும் கூடினால் நெடியும் கூடும் என்பதால், முதல் சில வாரம் ஹால் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும், பஞ்சு கொஞ்சம் வந்தாலும் சரி.