பெரட்டுக் களமும் கவாத்துத் திடலும்

விடியற்காலையில் பெரட்டு மணி அடித்ததும் லயத்துச் சனங்கள் இருட்டோடு இருட்டாக வந்து வரிசையில் நின்ற காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிராணியார் செக்ரோலைப் பிரித்துப் பேர் வாசிப்பார். பேர் வந்ததும் குரல் கொடுக்க வேண்டும். என் தகப்பனார் பல வருஷங்கள் அப்படித் தலையைக் குனிந்தபடியே குரல் கொடுத்தவர். இந்தப் பெரட்டு என்ற சொல், 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் நம்மவர் வாயில் மருவியது. எனக்கு இது தெரிய வந்தது எழுபதுகளில், பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் பச்சை உடுப்புப் போட்டுக்கொண்டு நானும் ஒரு பரேட்டில் நின்றபோதுதான்.

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் மலாய் படித்துவிட்டுப் படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளை நான். வகுப்பில் கடைசி வரிசைதான் என் இடம். ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் தெரியும். ஆனால் வாய் திறக்காது. அப்படிப்பட்டவன் படிவம் இரண்டில் இராணுவக் கேடட் படையில் பேர் கொடுத்துவிட்டு வந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சி முடிந்ததும் ரொட்டியும் தேநீரும் தருவார்கள் என்று ஒரு கூட்டாளி சொல்லியிருந்தான்!

வீட்டில் பாட்டி ஒப்பாரியே வைத்துவிட்டாள். பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. ஜப்பான்காரன் காலத்தில், 1942க்கும் 1945க்கும் இடையில், சயாம் மரண ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துப் போனார்களே, அதில் போன அவளுடைய தம்பி திரும்பவே இல்லை. அதே காலத்தில், 1943இல், நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து அழைத்தபோது நம் தோட்டத்து ஆண்களும், ஜான்சி ராணிப் படையில் இளம்பெண்களும் தாமாகவே முன்வந்து சேர்ந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் பாட்டிக்கு உடுப்பு என்றால் ஒரே அர்த்தம்: போனவன் வரமாட்டான்.

இன்றும் சில தாய்மார்கள் இந்தப் பயத்தோடு இருக்கிறார்கள். பள்ளிக் கேடட் படை பட்டாளம் அல்ல. அதில் சேர்ந்த பிள்ளை பிறகு இராணுவத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் 1901ஆம் ஆண்டிலேயே மாணவர் கேடட் படை அமைந்துவிட்டது. அந்த மரபில் வந்த தேசிய மாணவர் படை 1969 முதல் நடந்து வருகிறது. மலேசியாவிலும் இடைநிலைப் பள்ளிகளில் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை என்று கேடட் பிரிவுகள் உண்டு. போலீஸ் கேடட், சாரணர் இயக்கம் போன்றவையும் உண்டு. பெண் பிள்ளைகளும் சேரலாம். இன்னொரு கணக்கையும் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும். மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழக இடத்துக்கான தகுதிப் புள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு தேர்வுக்கு. மீதி பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. நம் பிள்ளைகள் பலர் 'வீடு தூரம், பஸ் இல்லை' என்று அந்தப் பத்தைக் கோட்டை விடுகிறார்கள். பஸ் இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. அதையும் சொல்கிறேன்.

உடுப்பும் சப்பாத்தும் பள்ளி ஸ்டோரிலிருந்து கொடுத்தார்கள். எல்லாம் எனக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் போட்டவை. அம்மா சோற்றுக் கஞ்சியில் சட்டையை முக்கிக் காய வைத்து, அண்டை வீட்டில் கரி இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்கித் தேய்ப்பாள். சட்டை தகரம் மாதிரி நிற்கும். சப்பாத்துக்கு மெருகு ஏற்றுவது தனி வித்தை. கீவி டப்பாவில் துணியைத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூக்கு நுனியில் சின்னச் சின்ன வட்டமாக ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டும். முகம் தெரியும்வரை விடக்கூடாது. இடுப்பு வார்ப் பித்தளைக்குப் பிராசோ. துப்பாக்கியைத் தொட்டதைவிட இந்தத் துணியைத் தொட்ட நேரம்தான் அதிகம்.

கவாத்து என்று நாம் சொல்வதும் 'காவாட்' என்று மலாயில் சொல்வதும் உறவுக்காரச் சொற்கள். கட்டளைகள் எல்லாம் மலாயில். 'செடியா' என்றால் நிமிர்ந்து அசையாமல் நிற்க வேண்டும்; 'செனாங் டிரி' என்றால் காலை அகற்றித் தளர்ந்து நிற்கலாம். கட்டளை கொடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'கெ கானா…ன்' என்று முதல் பாதியை இழுக்க வேண்டும். வரிசையில் நிற்பவன் வலப்பக்கம் திரும்பப் போகிறோம் என்று மனத்தில் தயாராக அது அவகாசம். பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, 'புசிங்!' என்று வெட்டிச் சொல்ல வேண்டும். குரல் தொண்டையிலிருந்து வந்தால் பத்து நிமிஷத்தில் கம்மிவிடும். அடிவயிற்றிலிருந்து வர வேண்டும்.

எனக்கு அந்தக் குரல் வரவில்லை. சனிக்கிழமைதோறும் பயிற்சி கொடுக்க வந்த மலாய்க்கார சார்ஜன், எல்லாரையும் முறை வைத்துக் கட்டளை கொடுக்கச் சொல்வார். என் முறை வந்தபோது முன்வரிசைக்கே கேட்கவில்லை. அவர் திட்டவில்லை. திடலின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து கேட்கும்படி கூப்பிடு என்று சைகை காட்டினார். அன்று முடியவில்லை. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குத் துணையாகப் பால்மரம் வெட்டப் போகும்போது நிரை நிரையாக நின்ற ரப்பர் மரங்களையே படையாக வைத்துக்கொண்டு கத்திப் பழகினேன். "மரமெல்லாம் திரும்பிடுச்சாடா?" என்று அப்பா பால் வாளியோடு சிரிப்பார். படிவம் மூன்று முடிவதற்குள் திடலின் மறுகோடிக்கு என் குரல் எட்டியது. வகுப்பிலும் வாய் திறந்துகொண்டது.

படிவம் நான்கில் தோளில் ஒரு பட்டை கிடைத்தது. எட்டுப் பேர் என் பொறுப்பு: மலாய்ப் பையன்கள், சீனப் பையன்கள், நம்மவர் இரண்டு பேர். அவர்களில் ஒருவன் எங்கள் தோட்டத்துப் பிள்ளை, எங்களுக்குப் பின்லயத்தில் இருந்தவன். தகப்பன் இல்லாத பையன். ஒரு சனிக்கிழமை அவன் சப்பாத்தெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றான். முந்தின இரவு நல்ல மழை. தோட்டத்து மண்சாலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அன்று நான் அதிகாலையிலேயே கிராணியார் மகனோடு அவர் காரில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் மூன்று மைல் நடந்து வந்திருக்கிறான். அவனை வரிசைக்கு வெளியே இழுத்து, எல்லார் முன்னாலும் சப்பாத்தைக் காட்டச் சொல்லி, நன்றாக ஏசிவிட்டேன். சார்ஜன்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெருமையோடேயே இரவு சாப்பாட்டில் கதை அளந்தேன். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "பெரட்டுல எல்லாரும் பாக்க எங்கள நிக்க வச்சு ஏசுவாங்களே, அந்த மாதிரியாப்பா?" என்று கேட்டார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்கப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறான் என்று பேச்சு. கேடட் படையில் கட்டொழுங்கு கற்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள்; உண்மைதான். தோளில் ஒரு பட்டை ஏறியதும் மனிதனுக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்பதையும் அங்கேதான் கற்றேன். இதை எந்தச் சார்ஜனும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் சப்பாத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பின்லயத்துக்குப் போனேன். அவன் அம்மா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்றார். அந்த 'ங்க' என்னைச் சுட்டது. அவன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான், வெளியே வரவில்லை.

"தப்பு என் பேருலதாண்டா" என்றேன். அந்தக் குரல் திடலுக்கு எட்டுகிற குரலாக இல்லை. படிவம் ஒன்றில் இருந்த குரலாகத்தான் வந்தது. "நாளைக்கு நானும் நடந்துதான் வரப் போறேன். சிலிப்பரப் போட்டுக்கிட்டு நடப்போம். சப்பாத்தப் பையில வச்சுக்குவோம். ஸ்கூல் கேட்டுக்கிட்ட போயி, கால் கழுவி மாட்டிக்கலாம்."

அவன் பதில் சொல்லாமல் என் கையிலிருந்த பையை வாங்கித் திறந்து பார்த்தான். சப்பாத்தோடு பாதி தீர்ந்த கீவி டப்பா ஒன்றும் இருந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"எத்தன மணிக்குக் கெளம்பணும்ணே?" என்று கேட்டான்.

"பெரட்டு மணி அடிக்கிறப்பவே" என்றேன்.