சீனி வருத்தக்காரர் காமரங்காச் சாறு குடிக்கலாமா?

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை எந்த வீட்டில் சீனி வருத்தம் என்று பேச்செடுத்தாலும் ஒரு கைமருந்தாவது சொல்லி அனுப்புவார்கள். ஊறவைத்த வெந்தயம், பாவற்காய்ச் சாறு, ஆவாரம்பூத் தேநீர், கோவை இலைச் சுண்டல், கோத்தல ஹிம்புட்டு மரக் கோப்பையில் இரவு முழுக்க வைத்த தண்ணீர். இலங்கையில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கேனும் நீரிழிவு இருக்கும்போது இந்தப் பேச்சு ஓயாதுதான். இவற்றை உணவாக, அளவோடு எடுப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. சீனி குறையுமென்று குடிக்கும் காமரங்காச் சாற்றோடு உண்டு.

காமரங்காவில் ஒக்சலேட் அதிகம். வெறும் வயிற்றில் ஒரு பெரிய கோப்பைச் சாற்றைக் குடித்தால் அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகிப் படிந்துவிடக்கூடும். 2015இல் இலங்கை வைத்தியர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். ஒருவர் ஒரே தடவையில் நிறையச் சாப்பிட்டவர். சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது. மற்றவர் நீண்டகாலம் சாப்பிட்டு வந்தவர். அவருக்கு அது நாட்பட்ட நோயாகவே ஆகிவிட்டது. சிறுநீரகம் முன்பே பழுதானவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. பழத்திலுள்ள காரம்பொக்சின் என்ற நஞ்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல்தான் முதல் அறிகுறி. பிறகு தடுமாற்றம், வலிப்பு. பிலிங்காயும் இதே குடும்பம். கொழுப்பைக் குறைக்க அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் கெட்ட 10 பேரைப் பற்றிக் கேரள வைத்தியர்கள் 2013இல் எழுதினார்கள். 7 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டது.

சீனி வருத்தம் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தின்பது. கால் வீங்கும்வரை பலருக்குத் தெரியவே வராது. உப்பளத்திலும் கடலிலும் வெயிலில் நின்று உடம்பில் தண்ணீர் வற்றியவர் இந்தச் சாற்றைக் குடித்தால் ஆபத்து இன்னும் கூடும்.

மற்ற மூலிகைகளின் சிக்கல் வேறு: சில உண்மையாகவே வேலை செய்கின்றன. மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடல் நொதிகளைக் கோத்தல ஹிம்புட்டு தடுக்கிறது. 51 நோயாளிகளை வைத்து இலங்கையில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், அந்தத் தேநீர் குடித்த மாதங்களில் அவர்களின் எச்பிஏ1சி (சில மாதச் சராசரி இரத்தச் சீனி) அளவு ஓரளவு குறைந்தது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர் அதற்கு மேல் பாவற்காய்ச் சாற்றையும் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். நோன்பு காலத்தில் இதில் மிகக் கவனம் வேண்டும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் நோன்பைத் திறந்து மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். உயிரைக் காக்க நோன்பை விட மார்க்கத்தில் அனுமதியுண்டு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

சீனி வருத்தத்துக்கென்று எடுக்கும் கறுவாவைப் பொறுத்தவரை நம் நாட்டுக் கறுவாவில் கவலை குறைவு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் கறுவா மாத்திரைகளில் பெரும்பாலும் காசியா என்ற வேறு வகைக் கறுவா இருக்கும். அதிலுள்ள கூமரின் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் காசியாவைத் தொடர்ந்து எடுப்பது நல்லதல்ல என்கிறது ஜேர்மன் அரசு நிறுவனம்.

இனி, பெயரில்லாத போத்தலில் வரும் பொடிகள். “இலைமருந்துதானே, பக்கவிளைவே இல்லை, குளிசையை நிறுத்திவிடுங்கள்” என்று முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் விற்கிறார்கள். குளிசையை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் எதையும் வாங்காதீர்கள். சில பொடிகளில் குளிசையையே அரைத்துக் கலந்திருப்பார்கள். 2008இல் சிங்கப்பூரில் ஆண்மைக்கென்று விற்ற மாத்திரைகளிலும் மூலிகை மருந்துகளிலும் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. சீனி இறங்கி 150 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 4 பேர் இறந்தார்கள்.

விற்பவர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பொய்யான உறுதிமொழி சொல்லி விற்பது குற்றம். வாங்கிய 3 மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறைப்பாடு பலவீனமாகிவிடும். கலப்படத் தூள் என்று சந்தேகம் வந்தால் ஊர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். உணவுச் சட்டம் அவருக்கு மாதிரி எடுக்க அதிகாரம் தருகிறது.

கிளினிக்கில் திட்டு விழும் என்று கைமருந்தை மறைப்பவர்கள் அதிகம். திட்டினாலும் சொல்லுங்கள். அடுத்த தடவை கிளினிக் கொப்பியோடு அந்தப் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டி, சிறுநீரகப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். காமரங்காச் சாறு குடித்து வந்தால் அதுவரை காத்திருக்காமல் இன்றே நிறுத்துங்கள்.