‘வெள்ளி’யில் உள்ள வெள்ளி: பினாங்கில் வழங்கிய நாணயங்களும் நினைவு நாணயங்களும்

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றும், அதன் நூற்றில் ஒரு பங்கைக் ‘காசு’ என்றும் வழங்குவர். ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் ‘பத்து வெள்ளி’ என்று விலை கூறக் கேட்கும் தமிழகத்தார் சற்று மயங்குவதுண்டு. இவ்வழக்கு உருவகமன்று, நாணயம் உண்மையிலேயே வெள்ளியாக இருந்த காலத்தின் எச்சம். அந்நாணயத்தில் வெள்ளி எவ்வளவு இருந்தது, அஃது எவ்வாறு குறைந்தது என்பதை அறிந்தால், இன்று வெள்ளி நாணயம் என விற்கப்படும் நினைவு நாணயங்களை மதிப்பிடுதல் எளிதாகும்.

கணக்கு எளிது. நாணயத்தின் எடையைத் தூய்மையால் பெருக்க வேண்டும். பொற்கொல்லர் ‘மாற்று’ என்று கூறுவது இத்தூய்மையையே.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென 1903இல் தனி வெள்ளி நாணயம் பம்பாய் அக்கசாலையில் அச்சிடப்பட்டது. அதுவரை மெக்சிகோ வெள்ளியும் பிரித்தானிய வணிக வெள்ளியும் இங்குப் புழங்கின. புதிய நாணயத்தின் எடை 26.95 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 900. ஆகவே அதிலிருந்த தூய வெள்ளி ஏறத்தாழ 24.26 கிராம். 1906இல் அரசு இதன் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என நிலைப்படுத்தியது. 60 வெள்ளிக்கு 7 பவுன். இடர் அங்கேதான் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் இலண்டனில் வெள்ளி அவுன்சுக்கு 33 பென்ஸை எட்டியது. அவ்விலையில் நாணயத்துள் இருந்த உலோகமே ஏறக்குறைய 28 பென்ஸ் பெறும். விலை இன்னும் சிறிது ஏறினால், நாணயத்தைச் செலவிடுவதைக் காட்டிலும் உருக்குவதே ஆதாயம்.

அரசு கண்ட வழி, பெயரை வைத்துக்கொண்டு பொருளைக் குறைப்பது. 1907இல் எடை 20.21 கிராமாயிற்று, தூய வெள்ளி 18.19 கிராம். முதல் உலகப்போரை ஒட்டி வெள்ளி விலை மீண்டும் உயரவே, 1919இல் எடை 16.85 கிராமாகவும் தூய்மை 500ஆகவும் குறைக்கப்பட்டன, எஞ்சியது 8.43 கிராம். பதினாறு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்தது. அக்கால இந்திய ரூபாயில்கூட 10.69 கிராம் வெள்ளி இருந்தது. ஆயினும் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்னும் மதிப்பு மாறவில்லை. நாணயத்தைத் தாங்கி நின்றது உலோகமன்று, அரசின் வாக்குறுதி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1969இல் பேங்க் நெகாரா தன் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு வெளியிட்ட ஒரு வெள்ளி நினைவு நாணயம் செம்பும் நிக்கலும் கலந்தது. அந்த ‘வெள்ளி’யில் வெள்ளியே இல்லை.

நினைவு நாணயத்தின் நிலை வேறு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010ஆம் ஆண்டிட்டு இந்திய அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையும் 80 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. அதாவது 28 கிராம்.  2025இல் இந்தியாவில் கிராம் வெள்ளி 100 ரூபாயைக் கடந்தபோது, அதுவே 2800 ரூபாய்க்கு மேற்பட்டது. 1906இல் அரசை அஞ்சவைத்த அதே நிலைதான். எனினும் இம்முறை எவரும் கலங்கவில்லை. பேழையில் உறங்கும் நாணயம் புழக்கத்திலிருந்து மறைவது எங்ஙனம்?

எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டு (2016), கலைஞர் கருணாநிதி நூற்றாண்டு (2024) ஆகியவற்றுக்கான 100 ரூபாய் நாணயங்களும் 35 கிராம் எடையுள்ளவை. ஆனால் அவற்றில் வெள்ளி பாதியே, 17.5 கிராம், எஞ்சியவை செம்பு, நிக்கல், துத்தநாகம். ‘வெள்ளி நாணயம்’ என்ற விளம்பரச் சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. இவை முகமதிப்பினும் மிகுந்த விலைக்கே விற்கப்படுபவை. அம்மிகை விலையில் உலோகத்தின் மதிப்பும் அடங்கும், அதற்கும் மேற்பட்டதே கலைக்கும் அருமைக்கும் உரியது. மாறாக, 1995இல் தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவுடன் வந்த நாணயங்களில் வெள்ளி இல்லை. ஆயினும் அவை மக்கள் கைகளில் புழங்கின. பண்பாட்டு வரலாற்றுக்கு அவற்றையே நாம் பெரிய சான்றாகக் கொள்வோம்.

பள்ளிக் கண்காட்சிகளில் நாணயத்தின் ஆண்டும் முகமதிப்பும் மட்டுமே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. எடையும் தூய்மையும் உடன் எழுதப்படல் வேண்டும். 1903ஆம் ஆண்டு வெள்ளியிலும் 1907ஆம் ஆண்டு வெள்ளியிலும் இருப்பவர் ஏழாம் எட்வர்டு மன்னரே, பெயரும் ஒன்றே. அவற்றிடையே ஆறு கிராம் வெள்ளி குறைந்திருப்பதைத் தராசில் இட்டால் மாணவரே கண்டறிவர்.