கினிப்பன்றி தேறியது, மனிதன் தேறவில்லை

ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமினை ஆவியாகச் சுவாசிக்க வைத்தால் போதும், கினிப்பன்றிக்கு மூச்சு இரைக்கும். ஆஸ்துமா மருந்துகளுக்கு இது ஆரம்பப் பரீட்சை.

1980களில் இதில் தேறியது குரோமகாலிம். ரத்த அழுத்தத்தைக் குறைக்க உருவான மருந்து. தசை செல்களின் பொட்டாசியம் வாயில்களை இது திறந்துவிடும். பொட்டாசியம் வெளியேற, கால்சியம் உள்ளே நுழைவது குறையும். இறுகிய மூச்சுக்குழல் தளரும்.

இரவு நேர ஆஸ்துமா இதனால் தணிவதாக 1990இல் வந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. 1993இல் ஏமாற்றம். இதன் வீரிய வடிவமான லெவ்குரோமகாலிமை வாய்வழி உட்கொண்ட நோயாளிகளுக்கு மூச்சுக்குழல் விரியவில்லை. தலைவலிதான் மிச்சம்.

காரணம், அதே வாயில்கள் ரத்தக் குழாய்களிலும் உண்டு. அளவைக் கூட்டினால் ரத்த அழுத்தம் சரியும். மூச்சுக்குழலை மட்டும் திறக்கும் சாவிதான் தேவை. அதைக் கினிப்பன்றி மட்டுமே சொல்லிவிட முடியாது.