மீனடை

கடலலை எட்டாத செஞ்சியிலிருந்து மீனடையைப்பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகைப்பினை விளைக்கலாம். இராசகிரியைச் சூழ்ந்து காணப்படுவன பாறையும் வயலும் ஏரியுமே. மரக்காணத்துக் கடற்கரையோ திண்டிவனத்தைக் கடந்து 60 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. எனினும், சிறிதளவு மீனைப் பலர் பகிர்ந்துண்ண வேண்டிய இல்லங்களுக்கும், முள்ளுக்கு அஞ்சி மீனையே மறுக்கும் சிறார்க்கும் இதனினும் ஏற்ற உணவு பிறிதில்லை என்பது எம் துணிபு. அங்காடியிற் கட்லெட் என வழங்குவது இதுவே. அச்சொல் பிரெஞ்சு மொழிக்குரியது. 1750 முதல் 1761 வரை செஞ்சிக்கோட்டையைக் கைக்கொண்டிருந்தவரும் பிரெஞ்சுக்காரரே; ஆயினும் சொல் ஆங்கிலத்தின் வாயிலாகவே தமிழிற் புகுந்தது. விலாவெலும்புத் துண்டு எனப் பொருள்படும் அது, எலும்பனைத்தும் நீக்கிய உணவிற்குப் பெயரானமை விந்தையே!

மேலைநாட்டுச் சமையல் நூல்கள் இதற்குச் சால்மன் மீனை விதிக்கும். அது குளிர்நாட்டு மீன். ஆற்றிற் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு வருவது. 1864ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் அதனைத் தகரக் குப்பிகளில் அடைக்கத் தொடங்கினர். அவ்வாறு அடைக்கப்பட்ட மீனின் முள்ளும் வெப்பத்தால் மென்மையுற்று உண்ணத்தக்கதாகும். இலங்கையிலோ, சால்மன் என்னும் பெயரால் விற்கும் தகரக் குப்பியுள் பெரும்பாலும் இருப்பது கானாங்கெளுத்தி இனமே. அதனைக்கொண்டே ஆங்குள்ளோர் சுவைமிக்க மீனடை செய்கின்றனர். நம் நாட்டில் ஆங்கிலேயர் ‘இந்தியச் சால்மன்’ எனப் பெயரிட்டது காலா மீனை. மார்புச் செட்டையின் கீழ் நான்கு இழைகள் தொங்கப்பெற்ற அம்மீனுக்கும் சால்மனுக்கும் யாதோர் உறவுமில்லை. ஆகவே, சால்மன் கிடைத்திலதே என வருந்துவார் வருந்த வேண்டா.

செஞ்சிக்கு உகந்தது விரால். நீரைவிட்டு எடுத்த பின்னரும் காற்றை உயிர்த்து நெடும்பொழுது வாழ்வதாகலின், உயிருடனேயே வாங்கலாம். தசையினூடே மெல்லிய முட்களும் இல்லை. கெண்டையின் தசையிலோ கவைமுட்கள் மிகுதி. அஃது அடைக்கு ஆகாது. கடல்மீன் வாங்குவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கானாங்கெளுத்தியும் சூரையும் பனிக்கட்டியின்றி வெயிலிற் கிடப்பின், அவற்றுள் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் பெருகும். மசாலையிட்டு நன்கு பொரித்தால் குற்றமில்லை என்று கூறுவாருளர். அது பெரும் பிழை. வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்நஞ்சு அழியாது. உண்டார்க்கு முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் உண்டாகும். நாறிய மீனை அடையாக்கிக் குழந்தைக்கு ஊட்டுவதினும், அன்று கீரையோடு அமைவது நன்று.

இனிச் செய்முறை. நம் சுறாப்புட்டே இதற்குப் பாதி வழி காட்டும். மீனை அவித்து உதிர்க்கும் அளவும் இரண்டும் ஒன்றே. அரைக்கிலோ விராலைத் துண்டாக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, இட்டலிப் பானையிற் பத்து நிமிடம் ஆவியில் அவிக்க. நீரிலிட்டு வேகவைத்தல் கூடாது. எண்ணெயில் அடை உடைவதற்குப் பெருங்காரணம் ஈரமே. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளிப்படுங்கால் அடையைப் பிளந்துவிடும். ஆதலின் தோலும் முள்ளும் களைந்து உதிர்த்த மீனைத் தட்டிற் பரப்பி ஆறவிடுக. உருளைக்கிழங்கு 250 கிராம் தோலுடன் வேகவைத்து, உரித்து, வெதுவெதுப்பாயிருக்கும்போதே கையால் மசித்துக்கொள்க. அம்மியில் அரைப்பின் மாப்பொருள் வெளிப்பட்டுப் பசையாகிவிடும். சிறுவெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய் ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, ஈரம் வற்ற வதக்கி, மிளகுத்தூளும் கொத்தமல்லித்தழையும் கூட்டி, ஒரு முட்டையின் மஞ்சட்கருவுடன் யாவற்றையும் மெல்லப் பிசைக. மீன் சிறுசிறு துணுக்காகவே இருத்தல் நலம். கூழாயின் மீன் தின்றதாகவே தோன்றாது.

எலுமிச்சையளவு உருட்டித் தட்டி, அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அடை இறுகும். பின்பு வெண்கருவில் தோய்த்து ரொட்டித்தூளிற் புரட்டுக. வெண்கரு சூட்டில் உறைந்து உறைபோலாகி அடையைக் காக்கும். மணிலாக்கொட்டை எண்ணெய் நம் பக்கத்தில் எளிதிற் கிடைப்பது; அதனை நன்கு காய்ச்சி, மூன்று நான்காக இடுக. ஒருங்கே பலவற்றை இட்டால் எண்ணெய் சூடிழந்து அடையுள் ஊறும். உள்ளிருப்பவை பெரும்பாலும் முன்னரே வெந்தவையாகலின், மேற்புறம் சிவந்தால் போதும். அடிப்புறம் சிவக்குமுன் அகப்பையால் தொடற்க.

எலுமிச்சைச்சாறு பிழிந்து, மிளகுரசச் சோற்றுடன் உண்ண இனிது. விராலின் தலையையும் முள்ளையும் எறிந்துவிடாது புளிக்குழம்பிலிட்டால், மறுநாட் காலை பழையசோற்றுக்கும் ஆகும்.